புள்ளியில் சேராத மூன்று பேர்

கல்லூரி நிர்வாகத்தாருக்கும் விளையாட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். போன வாரம் காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நம் கல்லூரியின் ஃபிளெக்ஸ் பார்த்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்தில் அரையிறுதி வரை போன அணிக்கு வாழ்த்து. பையன்கள் பதினெட்டு பேர், தாளாளர், முதல்வர், உடற்கல்வி இயக்குநர் எல்லாரும் இருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அணிக்கு கோல்கீப்பராக நின்றவன் நான். சந்தோஷமாகத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தேன். துணைக் கோச் இல்லை. மைதானத்தில் கோடு போடும் மார்க்கர் அண்ணன் இல்லை. முதலுதவிப் பெட்டி தூக்கும் பழைய மாணவரும் இல்லை.

படத்தில் விட்டுப்போனதற்காக இவ்வளவு பெரிய மடல் எழுத மாட்டேன். விசாரித்ததில், கணக்கிலேயே இவர்கள் இல்லை என்று தெரிந்தது.

துணைக் கோச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்முடையது சின்னக் கல்லூரி. ஒரே உடற்கல்வி இயக்குநர் கபடி, வாலிபால், தடகளம் எல்லாவற்றையும் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதி ஆட்டங்களுக்கு பெஞ்சில் இருப்பது துணைக் கோச் மட்டும்தான். 2019-லிருந்து பெஞ்சில் இருக்கும் கோச்சுகளுக்கும் நடுவர் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். தப்பு செய்தது யாரென்று தெரியாவிட்டால் அங்கே இருக்கிற மூத்த கோச்சுக்குத்தான் அட்டை. அதாவது, பையன்களில் எவனோ கத்தியதற்கு அட்டை வாங்கும் தகுதி இவருக்கு இருக்கிறது. சம்பளப் பட்டியலில் மட்டும் இடமில்லை. வகுப்பு நடக்கும் மாதங்களுக்கு மதிப்பூதியம், அதுவும் தீபாவளிக்கு வரவேண்டியது பொங்கலுக்கு வருகிறது. கோடை விடுமுறையில் ஒன்றுமே கிடையாது. புதுப் பையன்களைப் பார்த்துத் தேர்வு செய்வது அந்தக் கோடையில்தான்.

என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். பந்தைப் பிடிக்கப் பாய்ந்தேன், எதிராளியின் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்து நின்றுவிட்டேன். ரத்தம்கூட இல்லை. துணைக் கோச் ஓடி வந்து குனிந்து முகத்தைப் பார்த்தார். நான் அவரிடம், “ஸ்கோர் என்ன சார்?” என்று கேட்டேனாம். சொன்னார். திரும்பவும் அதையே கேட்டேனாம். மூன்றாம் முறை கேட்டதும் கிளவுஸைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறங்கி, தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கோல் போட்டு, இந்தியா 2-1 என்று தங்கம் வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதைத்தான் அவரிடமும் கத்தினேன். “அது 1962. நீ உக்காரு” என்றார். மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. ஸ்ட்ரைக்கர் என் கிளவுஸை மாட்டிக்கொண்டு கோலில் நிற்க, பத்து பேராக ஆடி 2-0 என்று தோற்றோம். ஒரு வாரம் அவரோடு நாங்கள் யாரும் சரியாகப் பேசவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது மூளை அதிர்ச்சியின் அடையாளம், அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. தலையடிக்கென்றே கூடுதலாக ஓர் ஆளை மாற்ற 2024 ஜூலையிலிருந்து விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். அவர் அந்த விதி வருவதற்கு முன்பே செய்தவர்.

அடுத்து மார்க்கர் அண்ணன். அவர் கையில் ஒரு கயிறு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? நடுவட்டத்துக்கு 9.15 மீட்டரில் ஒரு முடிச்சு, பெனால்டி புள்ளிக்கு 11-ல் ஒன்று, பெனால்டி பெட்டிக்கு 16.5-ல் ஒன்று. மூலை சரியாக வருகிறதா என்று பார்க்க அதே கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து என்று முக்கோணம் போடுவார். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற கணக்கு அது. ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து கோடெல்லாம் ஊருணிப் பக்கம் ஓடிவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மறுபடியும் முதல் முடிச்சிலிருந்து ஆரம்பிப்பார்.

கோடு போடுவது சுண்ணாம்புத் தூளில். நம் ஊர் வீட்டுச் சுவரில் பூசினால் கண்ணாடி மாதிரி மின்னுகிற அதே சுண்ணாம்பு, வியர்த்த தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் விழுந்தால் பார்வையைக் கெடுக்கும். அண்ணன் அதை வெறுங்கையால் டப்பாவில் அள்ளிப் போடுகிறார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சறுக்கி விழுகிற பையன்களுக்கும் இது ஆகாது. சாக்பீஸ் தூளுக்கோ தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டுக்கோ மாறலாம், பெரிய செலவில்லை. கையுறையும் பூட்ஸும் அதைவிடச் சின்னச் செலவு.

முதலுதவிப் பெட்டிக்காரர் சம்பளமே கேட்காதவர். மீன் கடையில் ஐஸ் வாங்குவதுகூட அவர் காசில்தான். அவரை முறையான முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பி, ஐஸுக்காவது பணம் கொடுத்தால் போதும் என்கிறார். எனக்குப் போதாது என்றுதான் படுகிறது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமானால் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வரி எழுதும்போதும் அந்தப் புள்ளி உண்டு, கோயில் காரியத்திலும் உண்டு. பணக்காரப் புள்ளி, ஏழைப் புள்ளி என்றெல்லாம் பார்த்து யாரையும் ஏட்டிலிருந்து விட்டுவிடுவதில்லை. அந்த வழக்கத்தை நம் மைதானத்துக்கும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன். விளையாட்டு நிதியில் இவர்களுக்கென்று தனித் தலைப்பு, துணைக் கோச்சுக்குப் பன்னிரண்டு மாத ஊதியம், தேதி தவறாமல். அடிபட்டவனை வெளியே எடுப்பதில் அவர் சொல்வதே முடிவு என்று எழுத்தில் ஓர் உத்தரவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அரையிறுதியில் யாராவது பெரியவர் போன் போட்டு, “பையனை இறக்குங்க” என்பார்.

புது வருஷ பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் உங்களில் இரண்டு பேராவது காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கிழக்குப் பக்க கோலுக்குப் பின்னால் கயிற்றோடு ஒருவர் நிற்பார், செருப்பில்லாமல். காலணி அளவைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கோல்கீப்பர்