அம்மாவுக்கு, திரொம்சோவிலிருந்து

திரொம்சோ, நோர்வே
டிசம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் பத்திரமாக வந்தன. நேற்றுச் சம்பல் இடித்தேன், அறை முழுக்க வெள்ளவத்தை வீட்டு மணம். இங்கே ஒரு கிழமையாகச் சூரியன் எழும்பவில்லை, இனி ஜனவரி நடுவில்தான். மதியத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிக்கும், அதோடு சரி.

"வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகும் வழியில் நீ வேலை செய்யும் கப்பலுக்கு ஏதும் நடந்தால் உதவிக்கு யார் வருவார்கள், பிள்ளை?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அப்போது மழுப்பிவிட்டேன். உடனே யாரும் வரமாட்டார்கள், அம்மா. 2017இல் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதிகளே அதை எண்ணித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உதவி வந்து சேர எத்தனை நாளாகும் என்று கப்பல் கணக்குப் போட வேண்டும்; அது ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது. அத்தனை நாளும் எல்லோரும் உயிரோடிருக்கத் தேவையான சாப்பாடு, தண்ணீர், குளிர் தாங்கும் உடுப்பு எல்லாம் கப்பலில் இருக்கும். உயிர்காக்கும் படகுக்கும் கூரை உண்டு. அலைத்துளி தளத்தில் உறைந்தால் மேற்பாரம் கூடிக் கப்பல் சரியப் பார்க்கும். அப்போது சுத்தியலோடு எல்லோரும் இறங்கி ஐஸை உடைப்போம்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது எண்ணெய் விதி. இயந்திர அறையின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்கும். மற்றக் கடல்களில் பெரும்பாலும் அதை வடிகட்டி, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லையென்றால் வெளியே விடலாம். ஆர்க்டிக்கில் அதுவும் கூடாது. முழுவதையும் தாங்கியில் வைத்திருந்து துறைமுகத்தில் இறக்குகிறோம். குளிரில் எண்ணெய் லேசில் சிதையாது, ஐஸுக்கு அடியில் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. கடலுக்குத் திறக்கும் வால்வைப் பூட்டுவது என் பொறுப்பு. பூட்டிய பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். கப்பல்கள் எரிக்கும் தடித்த கனரக எரியெண்ணெயை ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில் தடைசெய்தார்கள், ஆனால் சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வால்வைப் பூட்டும்போது 2021 நினைவுக்கு வரும். கொழும்புக்கு வெளியே அந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு, ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கி, அரிதட்டால் மணலைச் சலித்தோமே. எவ்வளவு சலித்தும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணி வந்துகொண்டே இருந்தது. அப்புறம் நீங்கள் ஒன்றும் பேசாமல் மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

தங்கச்சியின் பரீட்சை எப்படிப் போனது? அடுத்த முறை கடற்கரைப் பக்கம் போனால், மணலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்து, அந்த மணி இன்னும் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்