பரிசோதனைக்காக மட்டும் சேர்த்ததாகக் கூறி மறுக்கப்பட்ட க்ளெய்ம்: மறுபரிசீலனை கோரும் புகார்

அனுப்புநர்:
பாலிசிதாரர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்,
சென்னை.

பொருள்: 74 வயதான என் தாயாரின் மருத்துவமனைச் செலவு ரூ.1,62,000 மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் தாயார் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். நுரையீரலில் கோத்திருந்த நீரை வெளியேற்ற ஊசி போட்டார்கள். குடலில் ரத்தம் கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, "நோயாளி பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளார்" என்று சொல்லி உங்கள் நிறுவனம் பணம் தர மறுத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒருவர் இப்படி எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதில் இருப்பதை நானே எடுத்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சில மாதங்களாகவே அசதி. நான்கு படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. வயதானால் இப்படித்தான் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கி, இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கும் நிலை வந்தபோது குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். இதயத் துடிப்போடு ஓர் இரைச்சல் கேட்கிறது என்றார். ஈசிஜியிலும் மாற்றம் தெரிந்தது. ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அன்றே மருத்துவமனையில் சேர்க்கும்படி எழுதிக்கொடுத்தவர் அவர்தான். அந்தச் சீட்டின் நகலும் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் அழைப்பு மையத்தில் பேசியவர், "ரத்தசோகைதானே மேடம், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே" என்றார். அந்தச் சொல் என்னை மிகவும் நோகடித்தது. இந்தப் புகாரின் சாரமும் அதற்கான பதில்தான்.

அம்மாவின் ரத்தத்தில், இதயத் தசை பாதிக்கப்படும்போது கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் சற்று உயர்ந்திருந்தது. இதயத் தமனியில் அடைப்பு இருந்தாலும் அது உயரும். ரத்தம் குறைந்து, போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் இதயம் தவித்தாலும் உயரும். அடைப்பு என்று எண்ணி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தால், உள்ளே எங்கோ கசிகிற ரத்தம் பெருகிவிடலாம். ரத்தம்தானே குறைவு என்று வேகமாக ஏற்றினால், தளர்ந்த இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் நுரையீரலில் மேலும் நீர் கோக்கலாம். எந்தப் பக்கம் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் ஒரு யூனிட் ரத்தத்தைப் பல மணி நேரம் மெதுவாக ஏற்றி, கூடவே மிகுதியான நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசி கொடுத்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதையா வெளிநோயாளியாகச் செய்திருக்க வேண்டும்?

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தபோது இரைச்சலின் காரணம் தெரிந்தது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து குறுகியிருந்தது. மறுபக்கம், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7 மட்டுமே. இரும்புச்சத்து அறவே இல்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்ணுக்கு இரும்புச்சத்து இப்படி வற்றினால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது. வாய்வழியாக இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில்தான் அதன் வலப்பக்கத்தில் புடைத்துக் கசியும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அகப்பட்டன. அதே அமர்வில், ஆர்கான் வாயு வழியே மின்சாரம் செலுத்தும் ஆர்கான் பிளாஸ்மா முறையில் அவற்றைச் சுட்டு அடைத்தார்கள். பிறகு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள்.

இதயமும் குடலும் வெவ்வேறு, எதற்கு இரண்டுக்கும் பரிசோதனை என்று உங்கள் மருத்துவக் குழு ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. 1958-இல் எட்வர்ட் ஹெய்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அயோர்டிக் வால்வு குறுகுவதும் குடலில் ரத்தம் கசிவதும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து வருவதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. குறுகிய வால்வின் வழியே ரத்தம் பீறிட்டுப் பாயும்போது, ரத்தம் உறைய உதவும் வான் வில்லபிராண்ட் என்ற புரதம் சிதைகிறது. அதனால் குடலின் நலிந்த குழாய்கள் எளிதில் கசிகின்றன. எங்கள் இதய மருத்துவர் இதைப் பொறுமையாக எங்களுக்கு விளக்கினார். உங்களுக்கு எழுதிய பதிலிலும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பதில் கிடைத்ததாகக்கூட உங்கள் மறுப்புக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

கொலோனோஸ்கோப்பிக்கு முன் குடலைச் சுத்தம் செய்ய லிட்டர் கணக்கில் மருந்து நீர் குடிக்க வேண்டும். வால்வு குறுகி, ஹீமோகுளோபின் குறைந்த 74 வயதுப் பெண்மணிக்கு நீர்ச்சத்து வற்றினாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. அந்த இரவு முழுவதும் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டும், கழிப்பறை வரை தாங்கி அழைத்துச் சென்றுகொண்டும் இருந்தார்கள். வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று வெளிநோயாளிப் பிரிவைப் பரிந்துரைத்தவர் சொல்லட்டும்.

நீங்கள் காட்டியிருப்பது, பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டால் பணம் இல்லை என்று சொல்லும் Excl04 என்ற பொது விலக்கு விதி. அதன் இரண்டாம் பகுதியையும் படியுங்கள். கண்டறியப்பட்ட நோய்க்கும் அதன் சிகிச்சைக்கும் தொடர்பில்லாத பரிசோதனைகளையே அது விலக்குகிறது. அம்மாவுக்குச் செய்த ஒவ்வொரு பரிசோதனையும் அடுத்த சிகிச்சையை முடிவு செய்தது. எதை விட்டிருந்தாலும் அவர் இன்று வீட்டில் இருந்திருக்க மாட்டார்.

நோயை மறைத்திருக்கலாம் என்ற தொனியில் பழைய மருத்துவச் சீட்டுகளையும் கேட்டீர்கள். பாலிசி தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டில் இருக்கிறது. 60 மாதங்கள் இடைவிடாமல் புதுப்பித்த பிறகு, மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, அந்தக் காரணத்தைச் சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது.

முதலில் பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று அதைத் திரும்பப் பெற்றீர்கள். இறுதி ஒப்புதல் குறித்த முடிவை மூன்று மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை. அம்மாவைக் காலையிலிருந்து மாலை வரை சக்கர நாற்காலியில் காக்க வைத்தோம். கடைசியில் நகையை அடகு வைத்துத்தான் பில்லைக் கட்டினோம்.

அதே சுற்றறிக்கையின்படி, க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. அந்தக் குழு இதைப் பார்த்ததா? பார்த்திருந்தால் அதன் முடிவின் நகலை அனுப்புங்கள். பார்க்கவில்லை என்றால் மறுப்புக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, முழுத் தொகையையும் தாமதத்துக்குரிய வட்டியோடு, அதாவது வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து, வழங்குங்கள்.

அம்மாவின் வால்வை மாற்றுவது பற்றி மருத்துவர்கள் ஆலோசித்து வருகிறார்கள். அதற்கு முன் மீண்டும் பரிசோதனைகள் தேவைப்படும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுப் பில்களும் வரும். அவற்றுக்கும் இதே விதியைக் காட்டி மறுக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கேட்கிறேன். 14 நாட்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளத்தில் புகாரைப் பதிவு செய்வேன். அதன்பின் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்