மிளகாய்க் கணக்கு போதாது, அம்மு

அன்புள்ள அம்மு,

நீ எழுதுகிற நாவல் விமர்சனங்களை விடாமல் படிக்கிறேன். டிராகன்கள், சாகாவரம் பெற்ற இளவரசர்கள், பகையில் தொடங்கிக் காதலில் முடிகிற கதைகள், மழை இரவில் ஒரே ஒரு கட்டில் மட்டும் காலியாக இருக்கிற சத்திரம், எல்லாம் உன் சித்திக்கும் பிடிக்கும். உங்கம்மாவுக்கு இது இத்தனை நாள் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, போகட்டும். வாட்ஸாப்பில் உனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே வேலையில் இறங்கியிருப்பதால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

படுக்கையறைக் காட்சிகளின் சூட்டை நீங்களெல்லாம் மிளகாய்க் கணக்கில் சொல்கிறீர்கள். உன் போன விமர்சனத்தின் கடைசி வரி: "காரம் 4 மிளகாய். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பார்த்துக்கோங்க." எதைப் பார்த்துக்கொள்வது? முத்தத்தோடு நிற்கிறதா? படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டு அடுத்த அத்தியாயத்தில் விடிந்துவிடுகிறதா? இல்லை, கதவே இல்லாமல் பத்துப் பக்கம் ஓடுகிறதா? அல்லது நீ சொல்ல வந்தது நாயகியை நிலவறையில் கட்டிவைத்து அடிக்கிற அந்த அத்தியாயத்தையா? வாங்கிப் படித்துப் பார்த்தேன். படுக்கையறையும் இருக்கிறது, நிலவறையும் இருக்கிறது. முதலாவதைத் தேடி வருகிறவருக்கு இரண்டாவது காத்திருப்பது தெரிய வேண்டாமா? மீ கோரிங் நூடுல்ஸ் கடையில் காரம் எவ்வளவு என்று சொல்லி வாங்கலாம்; இறால் கெட்டுப்போயிருக்கிறதா என்று மிளகாய் சொல்லாது.

உன் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. இங்கே சிங்கப்பூரில் சினிமாவுக்கு ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று பார்ப்பவர் வயதுக்கேற்ப ஆறு வகை. நாவலுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. அட்டையைப் பார்த்துச் சுதாரிக்கலாம் என்றால், இளஞ்சிவப்பில் ஒரு கார்ட்டூன் ஜோடி சிரித்துக்கொண்டு நிற்கும், உள்ளே எம்18க்குக் குறையாத சமாச்சாரம் இருக்கும். அலமாரியை நம்பலாமா? சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015ல் வந்தபோது பதின்ம வயதினருக்கான நூலாகத்தான் விற்றார்கள். 2020ல் புது அட்டை போட்டுப் பெரியவர்கள் பக்கம் நகர்த்தினார்கள். கதை அதே கதைதான். நம் தேசிய நூலகத்தில் 2014ல் நடந்தது வேறு மாதிரி: சிறுவர் பகுதியிலிருந்து எடுத்த மூன்று புத்தகங்களில் ஒன்று கூழாகிவிட்டது, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மற்ற இரண்டும் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. அதில் ஒன்று இரண்டு ஆண் பென்குயின்கள் குஞ்சு வளர்க்கிற படக்கதை. ஆக, எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. படித்து முடித்தவள் நீ, நீதான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காட்சி எவ்வளவு வெளிப்படை என்பதைவிட அங்கே யார் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் கவனி. உனக்குப் பழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்வோம். நாயகிக்கு 19 வயது. நாயகனுக்கு 500 வயது, பார்த்தால் 25 மாதிரி இருப்பான். அவள் அவனுடைய கோட்டையில் இருக்கிறாள். மதிலுக்கு வெளியே போனால் சாவு. அவனால் அவள் மனத்தையும் படிக்க முடியும். வயது வித்தியாசத்தைத்தான் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அது பெரிதாக உறுத்துவதில்லை, சாகாவரம் பெற்றவன் தன் வயதுக்குப் பெண் தேட எங்கே போவான், பாவம். எனக்கு உறுத்துவது அந்தக் கோட்டைக் கதவு. அவள் வேண்டாம் என்று சொன்னால் அன்று இரவு எங்கே தூங்குவாள்?

நல்ல எழுத்தாளர் இதை யோசித்திருப்பார். யோசித்தாரா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. முதல் தொடுதலுக்கு முன் அவள் கைக்கு ஒரு சாவியோ குதிரையோ ஒரு கத்தியோ வந்திருக்கும். எங்கேயாவது ஒரு முறை அவள் மறுத்திருப்பாள், அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். முக்கியமாக, மறுநாள் காலையைப் படி. உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன்: இந்த நாவல்களில் நான் இரவுக் காட்சியை வேகமாகவே கடந்துவிடுவேன், விடிந்த பிறகு வருகிற முதல் இரண்டு பக்கத்தைத்தான் நிதானமாகப் படிப்பேன். நேற்றுவரை வாய் திறக்காமல் இருந்தவள் இன்று போர் ஆலோசனைக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடு என்கிறாளா? அவன் அதுவரை சொல்லாத ஒரு தோல்வியைச் சொல்கிறானா? இரண்டு பேரில் ஒருவராவது வெட்கப்பட்டோ பயந்தோ ஒதுங்குகிறார்களா? ஏதோ ஒன்று நகர்ந்திருக்க வேண்டும். ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி வாள் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டால், அந்தப் பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் கதைக்குச் சேதமில்லை என்று துணிந்து எழுது. மிளகாய் நாலு கொடுத்துவிட்டு இதையும் எழுதலாம், தப்பில்லை.

அடுத்தது அந்த விதி சமாச்சாரம். இவனுக்கு இவள் என்று மந்திரம் முடிச்சுப் போட்டுவிட்டது, இருவர் உடம்பும் அதற்குக் கட்டுப்பட்டது என்று இந்த வகை நாவல்கள் பலவற்றில் வரும். நமக்கு ஏழு ஜென்ம பந்தம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அதனால் சுலபமாக ஏமாந்துவிடுவோம். முடிச்சு விழுந்தது தெரிந்த பிறகும் அவளுக்கு மறுக்க இடம் இருக்கிறதா என்று பார். சில நாவல்களில் அவள் கோபப்பட்டுக் கிளம்பிப் போவாள், அவன் காத்திருப்பான். கதையே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கும். மற்றவற்றில் முடிச்சு என்ற ஒரே சாக்கில் எழுத்தாளர் அவள் சம்மதத்தைக் கேட்காமலேயே தாண்டிவிடுவார். சிங்கப்பூர்ச் சட்டத்தில் வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து கணவன் என்பதற்காக இருந்த விலக்கு 2020 ஜனவரி 1 முதல் அடியோடு போய்விட்டது. தாலி கட்டியவனுக்கே இல்லாத சலுகை இறக்கை முளைத்தவனுக்கு எதற்கு?

இதை ஆங்கில நாவல்களோடு நிறுத்திக்கொள்ளாதே. பிரதிலிபி கதைத் தளத்தில் யூடி, அதாவது தொடரின் அடுத்த பகுதி, எப்போ வரும் என்று உங்கம்மா காத்துக் கிடக்கிறாளே, அந்த ஆன்டி ஹீரோ கதைகளில் என்ன நடக்கிறது? பழிவாங்கக் கட்டாயக் கல்யாணம், முதல் இருபது எபி (எபிசோட்) முழுக்க அறையும் ஏச்சும், பிறகு அவனுடைய சிறுவயதுக் கஷ்டத்தைச் சொன்னதும் அவள் உருகிவிடுவாள். அதில் மிளகாய் ஒன்றுகூட இருக்காது, ஆகவே குடும்பக் கதை என்று பெயர். முழுச் சம்மதத்தோடு இரண்டு பேர் சேர்கிற பத்துப் பக்கத்தைவிட இந்த இருபது எபிதான் பதினாறு வயதுப் பெண் யோசித்துப் படிக்க வேண்டியது என்பது என் கட்சி. இருண்ட காதல் கதையே கூடாது என்று சொல்லவில்லை, நானே விரும்பிப் படிப்பேன். கற்பனையில் பயங்கரமானவனை ரசிப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அது பயங்கரம் என்று நாவலுக்கே தெரிந்திருக்கிறதா என்பதை மட்டும் விமர்சனத்தில் சொல்.

கதையை உடைக்காமல் எப்படி எச்சரிப்பது என்று நீ கேட்பாய். வகையைச் சொல், ஆளைச் சொல்லாதே. 'சித்திரவதைக் காட்சி ஒன்று விரிவாக வருகிறது, கருச்சிதைவு பேச்சோடு நிற்கிறது, படுக்கையறைக் காட்சிகள் பின்பாதியில் மூன்று, எல்லாம் வெளிப்படையானவை' என்றால் யாருக்கு, எந்த அத்தியாயத்தில் என்பது வெளியே வராது. எழுத்தாளரே முன்பக்கத்தில் எச்சரிக்கை போட்டிருந்தால் அதையும் குறிப்பிடு. தொடர் என்றால் எந்தப் பாகத்திலிருந்து சூடு ஏறுகிறது என்று கட்டாயம் எழுது. முதல் பாகத்தைப் பார்த்து நம்பி மீதி நாலையும் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு முழிக்கிற பெற்றோர் உண்டு.

நடுவில் ஒன்று. இந்த மாய நாவல் நாயகிகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஏன் அம்மாவே இருப்பதில்லை? நம் அகப்பாடல்களில் இரவில் தலைவன் வந்து போவதற்குள் அன்னை விழித்துக்கொள்வாள், நாய் குரைக்கும், நிலா வேறு வேளை கெட்ட வேளையில் காயும், மறுநாள் ஊர் முழுக்க அலர், அதாவது வம்புப் பேச்சு. காதலுக்கு அந்தத் தடையெல்லாம்தான் சூடு. அங்கே டிராகனைத் தாண்டி வருகிறவனுக்கு ஒரு அம்மாவைத் தாண்டிவர வக்கில்லை. இதை வைத்து நீ ஒரு கட்டுரை எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

கூச்சம் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல காட்சியைப் பாராட்டும்போது நீ உடனே சிரிப்புப் பொம்மை போட்டு ஓடிவிடுகிறாய். சண்டைக் காட்சி நன்றாக இருந்தால் எப்படி நன்றாக இருந்தது என்று நாலு வரி எழுதுகிறாய் அல்லவா, இதற்கும் எழுது. பேச்சு நன்றாக இருந்ததா, நடுவில் சிரிப்பு வந்ததா, இருவரும் அவரவராகவே இருந்தார்களா, அல்லது திடீரென்று எல்லா நாவலிலும் வருகிற அதே இரண்டு உடம்புகளாக ஆகிவிட்டார்களா? காட்சியை அப்படியே எடுத்துப் போடத் தேவையில்லை. பதினைந்து வயதுத் தங்கையும் உன் எழுத்தைப் படிப்பாள், இது பெரியவர்களுக்கான நாவல் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் போதும்.

அந்த டிராகன் தொடரின் அடுத்த பாகத்துக்கு லிபி (Libby) என்கிற நூலகச் செயலியில் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் பெரிய கூட்டம். நீ காசு கொடுத்து வாங்கியிருப்பாய் என்று தெரியும். முடித்ததும் இந்த வாரக் கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. அட்டைக்கு உறை போட்டு எடுத்து வா, எம்ஆர்டி ரயிலில் படிப்பேன்.

அன்புடன்,
சித்தி