அந்தப் பழுப்பில் கைவைக்காதீர்கள்

கலைப் பக்கங்களைத் தயாரிக்கும் தமிழ் இதழாசிரியர்களுக்கும் பக்க வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். அகதிகள் பற்றிய சிறப்புக் கட்டுரையோடு லாசர் செகாலின் 'புலம்பெயர்வோர் கப்பல்' ஓவியத்தை ஓர் இதழ் அண்மையில் அச்சிட்டிருந்தது. பெயர் வேண்டாம், செகாலைத் தமிழ் வாசகருக்குக் காட்ட நினைத்ததற்கே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்தைப் புரட்டியதும் திடுக்கிட்டேன். கடல் நீலமாகப் பளபளத்தது. முகங்கள் சந்தனம் பூசியதுபோல் துலங்கின. மங்கலான படம் அச்சில் எடுபடாதே என்ற அக்கறையில் யாரோ கணினியில் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த மங்கலுக்காகத்தான் செகால் மூன்று ஆண்டுகள் உழைத்தார்.

இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் பிறந்த யூதர் அவர். ஜெர்மனியில் எக்ஸ்பிரஷனிச ஓவியராக, அதாவது கண்ணில் படுவதைவிட உள்ளுணர்வை நிறத்தாலும் வடிவத்தாலும் காட்டும் ஓவியராக வளர்ந்து, 1923இல் பிரேசிலில் குடியேறினார். சாம்பலும் காவியுமாக இருந்த அவருடைய ஓவியங்களில் அங்கே போனதும் பச்சை பொங்கியது. 1927இல் வரைந்த 'வாழைத்தோட்டம்' ஓவியத்தைப் பாருங்கள்: வாழை இலைகளே திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். பளிச்சென்ற நிறம் அவருக்குக் கைவராததல்ல. 1939 முதல் 1941 வரை இந்தக் கப்பலை வரைந்தபோது தெரிந்தே அதை ஒதுக்கினார். 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் ஏளனத்துக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் பிரேசில் அரசும் யூதர்களுக்கு விசா தராதீர்கள் என்று தன் தூதரகங்களுக்கு இரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. தன்னை ஏற்ற கரை தன் மக்களுக்கு மூடப்பட்ட காலத்தில் வரைந்த கப்பல் இது.

230க்கு 275 சென்டிமீட்டர் துணியில், எண்ணெய் வண்ணத்தோடு மணலையும் கலந்து வரைந்திருக்கிறார். மண், காவி, சாம்பல், அழுக்குப் பச்சை. தளத்தில் நெருங்கிக் கிடக்கும் மனிதர்களுக்கும் கப்பலுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். முதலில் வெறும் கூட்டம்தான் தெரியும். கண்ணை நிறுத்தித் துழாவினால்தான் ஒரு தோளில் சாய்ந்த தலையும், ஒரு மடியில் குழந்தையும் மெல்லப் பிரிந்து வரும். எனக்குப் பரிவு சுரந்தது அந்தத் துழாவலில்தான். நிறத்தைக் கூட்டியதும் எல்லாரும் சட்டென்று தெரிந்துவிடுகிறார்கள். நாமும் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

போதாக்குறைக்குக் கீழே ஒரு பெட்டிச்செய்தி: பழுப்பு என்றால் துயரம், பச்சை என்றால் நம்பிக்கை. எக்ஸ்பிரஷனிஸ்டுகளிடம் இப்படி ஓர் அகராதி இருந்ததை மறுக்கவில்லை. நீலம் ஆண்மை, மஞ்சள் பெண்மை, சிவப்பு பருப்பொருள் என்று ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1910இல் தன் ஓவிய நண்பர் ஆகுஸ்ட் மாக்கெவுக்கு எழுதினார். அவருடைய நீலக் குதிரைகளைப் படிக்க அது உதவலாம். செகாலிடம் அது செல்லாது. அந்த வாழைத்தோட்டத்தின் நடுவே ஒரு முதிய கறுப்பினத் தொழிலாளியின் முகம் இருக்கிறது. இலைகள் அவரைக் கழுத்துவரை விழுங்கியிருக்கின்றன. அந்தப் பச்சையில் எங்கே இருக்கிறது நம்பிக்கை?

பிரேசிலின் சாவ் பாவுலோ நகரில் செகால் வாழ்ந்த வீடே இன்று அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. கப்பலின் மூல ஓவியம் அந்த அருங்காட்சியகத்தாரின் சேகரிப்பில் உள்ளது. அடுத்த முறை அவர்கள் வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். பெட்டிச்செய்திக்குப் பதிலாக ஓவியத்தின் அளவையும் மணல் கலந்த செய்தியையும் ஒரு வரியில் போட்டால் போதும். அச்சகத்தில் "இருட்டாக வருகிறதே" என்று கேட்பார்கள். இருட்டாகவே வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்