மருந்தை மறுத்த நோயாளிக்குத் தப்பான கோட்: உங்கள் மென்பொருள் மீது புகார்

அனுப்புநர்: மெடிக்கல் கோடிங் பிரிவு, கே.கே. நகர், மதுரை.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

ஐயா,

அமெரிக்க இதயநோய் கிளினிக்குகளின் சார்ட்டுகளை (நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை) உங்கள் மென்பொருளில்தான் கோட் செய்கிறோம், அதாவது காப்பீட்டுப் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுகிறோம். நோயாளி மருந்து வேண்டாமென்ற சார்ட் எது வந்தாலும் அது இசட்91.14 (மருந்தைச் சொன்னபடி சாப்பிடாதவர்) என்றே காட்டுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் அது தனியே செல்லாது, ஆறாவது எழுத்து வேண்டும்: பணக் கஷ்டம் என்றால் 91.141, வேறு காரணம் என்றால் 91.148. கிளெய்ம் (காப்பீட்டுப் பில்), அதைச் சரிபார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் கிளியரிங்ஹவுஸிலேயே திரும்பிவிடுகிறது.

திரும்பி வருவதாவது கண்ணில் படுகிறது. படாமல் போவதுதான் தலைவலி. சார்ட்டில் இருப்பது: நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தான மெட்டோப்ரோலாலைத் தொடங்கச் சொன்னார் டாக்டர், தலைசுற்றும் என்று பயந்து நோயாளி மறுத்தார், ஆபத்து விளக்கப்பட்டது. இதற்கு உங்கள் மென்பொருள் 4008எஃப் (பீட்டா பிளாக்கர் சிகிச்சைக்கான கோட்) உடன், மருந்து ஏன் தரப்படவில்லை என்று சொல்லும் துணைக்குறியாக 1பி போடுகிறது. 1பி மருத்துவக் காரணத்துக்கு. நாடித்துடிப்பு குறைவென்று டாக்டரே வேண்டாமென்றால்தான் அது. இங்கே மறுத்தது நோயாளி, எனவே 2பி. தொடங்கவே செய்யாத மருந்துக்கு இசட்91 எதற்கு? நாள்பட்ட இதயச் செயலிழப்புக்கான ஐ50.22-க்குப் பின், சிகிச்சையை நோயாளியே மறுத்ததற்கான இசட்53.29 வர வேண்டும். காரணம் எழுதப்படவில்லை என்றால் 53.20, மத நம்பிக்கை என்றால் 53.1.

காசு போதாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவருக்கு டி44.7எக்ஸ்6ஏ (T44.7X6A, இந்த வகை மருந்தைக் குறைவாகச் சாப்பிட்டது), கூடவே இசட்91.120 (பணக் கஷ்டத்தால் வேண்டுமென்றே குறைத்தது). அந்த டி கோட் முதல் இடத்தில் நிற்கவே கூடாது. வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருவது இது. உங்கள் திரையிலோ அதுதான் முதலில் உட்கார்ந்திருக்கிறது.

மறுத்தார், நிறுத்தினார், குறைத்தார் என்ற மூன்றையும் ஒரே கூடையில் கொட்டுவதால் வரும் வினை இது. மூன்று முறை உங்களிடம் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டோம். மூன்றுக்கும் "கேஷை அழித்துப் பாருங்கள்" என்றே பதில் (கேஷ் என்பது கணினியின் தற்காலிகச் சேமிப்பு). கேஷை அழித்தால் பழைய கோட் பட்டியல் புதிதாகிவிடுமா?

15 நாளுக்குள் பட்டியலைப் புதுப்பியுங்கள். அதற்காக 91.14-ஐ அடியோடு நீக்கிவிட வேண்டாம். 2023 செப்டம்பர் 30 வரையிலான சிகிச்சைக்கு அதுதான் சரி. சிகிச்சைத் தேதியை வைத்துக் கோட் வரட்டும். 1பி தானாக விழுவதை நிறுத்தி அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கோடர் நிரப்பிக்கொள்வார். முடியாதென்றால் மீதி மாதங்களின் சந்தாவைத் திருப்பித் தரவும்.

இணைப்பு: பெயர், பிறந்த தேதி மறைத்த 6 ஸ்கிரீன்ஷாட்டுகள்.

இப்படிக்கு,
மெடிக்கல் கோடிங் பிரிவினர்