அந்த சென்டை யாருக்கும் கொடுத்துவிடாதே

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். ஆபீசில் பக்கத்து மேசைப் பெண் உன் ஃபிராக்கா சென்டால் தலைவலிக்கிறது என்றாள், அதனால் அதை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே அம்மா. போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன தடவை வந்தபோது என் புடவையில் கொஞ்சம் அடித்துவிட்டாய். அப்போதிலிருந்தே எனக்கு அதன் மேல் தனி ஆசை. ஃபிராக்கா என்ற பேரைச் சொல்லித் தம்பியைத் தேடச் சொன்னேன். பாரிசில் ராபர்ட் பிகே என்ற உடை வடிவமைப்பாளரின் நிறுவனத்துக்காக 1948-இல் ஜெர்மேன் செலியே என்ற பெண் உருவாக்கியதாம். அந்தத் தொழிலில் பெண்களே அபூர்வமாக இருந்த காலம். 1948 என்றதும் எனக்கு உன் தாத்தா சொன்ன கதைதான் ஞாபகம். அந்த ஜூனில்தான் நம் ஊர்ப் பக்கத்து எல்ஃபில் ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையைச் சுட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் வந்தது. இங்கே ஜனங்கள் பயந்து கிடந்த அதே வருஷம், அங்கே ஒருத்தி நம் கல்யாண மாலைப் பூவைப் பாட்டிலில் அடைத்திருக்கிறாள்!

ஆமாம், அதில் முக்கியமான வாசம் சம்பங்கி. மாப்பிள்ளை மாலையில் கோர்க்கிறோமே, அதேதான். பூர்வீகம் மெக்சிகோ. இன்று தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் பக்கம் அதை நம்பியே பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. கூடவே மல்லியும் ஆரஞ்சுப் பூவும் சேர்ந்திருக்கின்றன. இதில் மல்லியும் சம்பங்கியும் இருட்டில் வேலை பார்ப்பவை. நிறத்தைக் காட்டிக் கூப்பிட வழியில்லை, இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை வாசத்தால்தான் இழுக்க வேண்டும். அவ்வளவு கனமான வாசம் அதனால்தான். இன்னொன்று, பறித்த பிறகும் மல்லியும் சம்பங்கியும் வாசத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜாவுக்கு அந்தக் குணம் கிடையாது. பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, மேலே பூவைப் பரப்பி, வாடியதை எடுத்துப் புதுப் பூ போட்டு, அப்படியே கொழுப்பில் வாசம் ஏற்றினார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காததிலும் ஆச்சரியமில்லை. மல்லியில் இந்தோல் என்று ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை மாதிரி, அதைவிட மோசமாகவும் நாறும். கொஞ்சமாகப் பூவோடு கலந்திருக்கும்போதுதான் அந்தக் கதகதப்பு வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு வாசம்தான். அடித்தவுடன் லேசாகக் கோடாலித் தைலம் மாதிரி வருகிறதே, கவனித்தாயா? தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் சம்பங்கியிலும் இருக்கிறது. சற்றுப் பொறுத்தால் அது அடங்கி, பூ தெரியும்.

பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தது உனக்குத் தெரியும். மரத்தில் காய்ந்து ஒட்டும் அந்த ஒட்டுப்பாலின் வாடை எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது. சாயங்காலம் குளித்து, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் பூத்த மல்லியைக் கட்டித் தலையில் வைத்த பிறகுதான் பாட்டிக்கு அன்றைய வேலை முடியும். மெல்லிசான வாசம் எதுவும் அந்த ஒட்டுப்பாலுக்கு எதிரில் நின்றிருக்காது. சம்பளம் அளந்து வந்தது, அரிசி அளந்து வந்தது, பூ மட்டும் கூடை கூடையாகப் பூத்தது. லயத்துப் பெண்கள் யாரும் ஒற்றைப் பூவை ஒளித்து வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நிறைய வைப்பார்கள், வருவது தெருமுனையிலேயே தெரியும். இப்போது கடைகளில் 'அடக்கமான வாசம்' என்று விற்பதெல்லாம் எனக்கு ஒட்டவே இல்லை. பூ என்றால் பூவாக மணக்க வேண்டும்.

அதற்காக ஜன்னல் திறக்காத ஆபீசில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து இதை மணக்கவிட வேண்டாம். அவர்களுக்கும் மூக்கு உண்டு. வேலை நாளில் வேறு ஏதாவது போட்டுக்கொள். சாயங்காலம், வெளியே போகும்போது, கோயிலுக்கு, விருந்துக்கு இதைப் போடு. மான்செஸ்டர் குளிரில் வாசம் மெதுவாகத்தான் எழும், அதனால் வெளியே நடக்கும்போது தாராளமாகவே போடலாம். இங்கே வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஒரே தரத்தில் தூக்கிவிடும், ஒரு தடவை அடித்தால் போதும். குளியலறையில் வைக்காதே. வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுப்போகும், பெட்டியோடு அலமாரிக்குள் வை.

தம்பி கல்யாணத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. துணிக்கு நடுவில் சுற்றி, செக்-இன் பெட்டியில் வைத்துவிடு. மாலைக்கு நம் கோயில் பூக்கடையில் சம்பங்கிதான் சொல்லியிருக்கிறேன். பட்டுப் புடவையில் அடித்தால் கறை விழும், கழுத்தில் மட்டும் போட்டுவிடு, எனக்கும்.

அன்புடன்,
அம்மா