எவர்சில்வர் டம்ளரும் என் கோப்பைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்து சேர்ந்தன. டொராண்டோவுக்குப் படிக்க வந்த தங்கச்சிமடத்துப் பிள்ளை அங்கிருந்து தபாலில் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றி நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. கருப்பட்டி பாதி தூளாகிவிட்டது, பரவாயில்லை. அம்மா இடித்த மிளகாய்ப்பொடி மூலையில் கசிந்து உன் கடிதத்தின் ஓரமெல்லாம் சிவப்பு. படித்துக்கொண்டே தும்மினேன். முண்டு மிளகாய் ஆயிற்றே, கடல் தாண்டினாலும் காரம் குறையுமா.

"போனில் கேட்டால் சரி சரின்னு வச்சிடுவான், எழுதிக் கேளு" என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. இப்போது கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள், நமக்கும் இங்கேக்கும் சரியாக ஒன்பது மணி நேரம் வித்தியாசம். நீ காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கும்போது எனக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது. கனடாவில் மற்ற ஊரெல்லாம் ஒரு கணக்கு என்றால் இந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு மட்டும் அரை மணி தனிக் கணக்கு. நம்ம ஊர் நேரத்திலும் அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பதால் எனக்குக் கூட்டிக் கழிக்கச் சுலபம்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. பனியைக்கூடத் தாங்கிவிடலாம், இந்தக் காற்றைத்தான் தாங்க முடியவில்லை. நம்ம ஊர் வாடை ஆளைக் கொஞ்சம் நடுக்கிவிட்டுப் போய்விடும். இது காதைப் பிடித்துத் திருகுகிறது. நல்ல ஜாக்கெட் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லு. மீன் கம்பெனியில் நண்டு முடிந்து, காட் மீனும் முடிந்து, இப்போது வேலை லேசு. உடம்புக்கு நல்ல ஓய்வு. வீட்டில் இன்னொரு பையனும் இருக்கிறான், செலவே இல்லை. முட்டிவலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நண்டைப் பற்றி அம்மா கேட்டிருந்தார்களே. நம்ம பக்கத்து நீலக்கால் நண்டு இல்லை இது, கால் நீளநீளமாக இருக்கும். ஏப்ரலில் தொடங்குவார்கள், நம்ம ஊரில் தடைக்காலத்துக்குப் படகைக் கரையில் கட்டுகிற அதே சமயம். பெல்ட்டில் வரவர மேல் ஓட்டைப் பிய்த்துத் தனியே போட்டுவிட்டு, உடம்பை ரெண்டாக்கி, காலோடு சேர்த்து வேகவைத்து உறையவைத்து அனுப்புவார்கள். அந்த ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சள், அதுதானே ருசி, அதையெல்லாம் குப்பைக்குத் தள்ளுகிறார்கள் அக்கா. அம்மா மட்டும் இதைப் பார்த்தால் கம்பெனிக்காரனை நிற்கவைத்து வைவார்கள். முதல் வாரம் எனக்குக் கையே வரவில்லை. வெந்த காலை வெண்ணெயில் தொட்டுத் தின்கிறார்கள், அவ்வளவுதான், மிளகு கிடையாது, பூண்டு கிடையாது. வாய் செத்துப்போய் ஒரு நாள் நானே ரசம் வைத்தேன். புளி ஏறவில்லை, இருந்தாலும் சட்டியை வழித்துத்தான் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் பாதிதான் சொன்னேன். பனி கொட்டுகிற அன்றைக்கும் அரைக்கால் சட்டையோடு வாசலுக்கு வந்து மண்வெட்டியால் பனியை வாரிப்போடுவார். அவர் வாசல் முடிந்ததும் கேட்காமலே என் வாசலுக்கு வந்துவிடுவார். நான் தமிழ் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது 1986 ஆகஸ்ட். இந்தத் தீவின் தெற்குப் பக்கம் பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் தத்தளித்துக் கிடந்ததை மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டு கரைசேர்த்தார்களாம். நான் அக்கரை இல்லை ஐயா, இக்கரை, மண்டபம் அகதி முகாம் இருக்கிற பக்கத்து ஆள், வந்தது ஏரோப்பிளேனில் என்று மேசையில் உப்பைக் கொட்டிப் பாக்கு நீரிணையே வரைந்து காட்டிவிட்டேன். தலையை ஆட்டுவார். அப்புறம் கடையில் யாரைப் பார்த்தாலும் "படகில் வந்த பையன்" என்றே என்னை அறிமுகப்படுத்துவார்.

அவரும் கடல்காரர்தான். 1992 ஜூலையில் காட் மீன் பிடிக்கவே கூடாது என்று இங்கே தடை போட்டார்கள். நாம் 61 நாள் தடைக்கே வட்டிக்காரன் வாசலில் போய் நிற்கிறோம். இவர்களுக்கு இரண்டு வருஷம் என்று சொல்லிப் போட்டது 2024 வரைக்கும் இழுத்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பு ஒரே நாளில் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால் கிழவர் வாயைத் திறக்க மாட்டார். ஹாக்கி என்று சொல்லிப்பார், விடிய விடியப் பேசுவார். ஹெர்டர் கோப்பை என்று 1935லிருந்து இந்தத் தீவில் நடக்கிற பனி ஹாக்கிப் போட்டி, அதில் இவர் ஊர் அணிக்கு ஆடினாராம். மெடல்களை பிஸ்கெட் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தக் கோலை இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து அடிக்கிறார். பக்கத்து ஹார்பர் கிரேஸ் ஊர் டேனியல் கிளியரி 2008இல் வட அமெரிக்கப் பனி ஹாக்கியின் பெரிய கோப்பையான ஸ்டான்லி கோப்பையை ஜெயித்த டெட்ராய்ட் அணியில் இருந்தார். இந்தத் தீவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். அந்த ஜூலை 1 கோப்பையை ஊருக்கே தூக்கிக்கொண்டு வந்ததைக் கிழவர் இன்னும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நானும் அதே கேஸ்தானே.

பெரியவன் மாவட்ட வாலிபால் அணியில் எடுபட்டுவிட்டான், புத்தகத்தையே தொடுவதில்லை, "விளையாடி நீ என்ன கண்டாய்னு மாமாவா அவனுக்கு எழுது" என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். அப்படி எழுத மாட்டேன்.

என்ன கண்டேன் என்று உனக்கே தெரியும். பழைய நைலான் வலையை ரெண்டு சவுக்குக் கம்பில் கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, மணலில் வெறுங்காலோடு எம்பி எம்பித்தானே எனக்கு அந்த எம்பல் வந்தது. கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் பந்து எங்கே இறங்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், அதிலேயே ஆடிப் பழகிவிட்டு ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி அரங்கத்துக்குப் போனால் காற்றில்லாத இடத்தில் பந்து நின்றுகொண்டு அடி அடி என்று கூப்பிட்டது. அப்போதெல்லாம் சர்வீஸ் நம்மிடம் இருந்தால்தான் பாயிண்ட், 15 பாயிண்டுக்கு ஒரு செட் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 1998க்கு அப்புறம்தானே யார் சர்வீஸ் போட்டாலும் பாயிண்ட், 25க்கு ஒரு செட் என்று ஆனது. பெரியவன் ஆடுவது அந்தப் பொடிநடை ஆட்டம், அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லு.

ஜெயித்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் வாங்கவில்லை. முக்குக் கடையில் ப்ளஸ் டூ முடிகிற வரைக்கும் டீக்குக் காசு வாங்கவில்லை. ஐஸ் கம்பெனிச் சுவரில் கரியால் என் பெயரை எழுதி ஏழு என்று நம்பரும் போட்டிருந்தார்கள், அது யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று அப்பாவிடம் நீதான் சத்தியம் பண்ணினாய். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் தோளில் கை போட்டார்கள். பந்தைத் தூக்கிக் கொடுத்த கட்டையனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் இல்லாவிட்டால் நான் எதை அடித்திருப்பேன்? இப்போது அவனுக்கு ரெண்டு விசைப்படகு, நான் இங்கே.

மெட்ராஸில் ஒரு ஆபீஸ் அணிக்குத் தேர்வுக்குப் போனேனே, சுவரோரம் நிற்கவைத்து அளந்துவிட்டு "இன்னும் நாலு அங்குலம் வேணும் தம்பி" என்றார்கள். அதோடு முடிந்தது. சரி, முடிந்ததுதான், அதற்காக அந்த மூணு வருஷம் இல்லாமல் போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பசங்கள் பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் வாலிபால் போடுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். ஒரே ஒரு பந்து சரியாக உயரத்தில் வந்தது. அடித்துவிட்டு இறங்கினால் அத்தனை பேரும் கத்துகிறார்கள், என் பெயர்கூட அவர்களுக்குச் சரியாக வராது. வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நம்ம வீட்டில் நிஜமான ஆட்டக்காரி நீதான். எண்ணூறு மீட்டரில் வெறுங்காலோடு ஓடி, ஷூ போட்ட டவுன் பிள்ளைகளைப் பின்னால் விட்டுவிட்டு வந்தாய். எனக்குக் கோப்பை கொடுத்தார்கள், உனக்கு எவர்சில்வர் டம்ளர். என் கோப்பைகள் ஷோகேஸில் இருந்தன. உன் டம்ளரில் அப்பா மோர் குடித்தார். பெரிய மனுஷி ஆனதும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள், பி.டி. சார் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டும் அப்பா அசையவில்லை. நீ அன்றைக்கு அடுப்படியில் சத்தமே போடாமல் மீன் அரிந்துகொண்டிருந்தாய், சூடை, ஒரு கூடை. உன்னை நிறுத்தினது சரி என்று எனக்கு அன்றைக்கும் படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

இந்தக் கடிதத்தில் பெரியவனைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் "சின்னவள் குறுவட்டப் போட்டியில் நானூறு மீட்டரில் முதலாவது வந்தாள்" என்று எழுதியிருக்கிறாய். அக்கா, இதைத்தானே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! எத்தனை நொடி? எந்தக் காலில் வளைவு எடுக்கிறாள்? அடுத்து எங்கே ஓட்டம்? அவள் எட்டாவதுதானே, ஒன்பதாவது சேரும்போது விளையாட்டு விடுதிக்குத் தேர்வு வைப்பார்கள், தங்குவது சாப்பாடு எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பி.டி. டீச்சரிடம் கேட்டு வை. அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இப்போது இருக்கிறது, எங்கள் காலத்து மாதிரி சுவரில் நிற்கவைத்து அளந்துவிட்டு அனுப்புகிற கதை மட்டும் இல்லை. இருவருடைய சான்றிதழ்களையும் லேமினேஷன் போடாமல் ஃபைலில் வை. பெரியவனிடம் விளையாடாதே என்று சொல்லாதே, வேலைக்குத் தக்க படிப்பு இருந்தால்தான் அந்த ஒதுக்கீடும் என்று சொல்லு, அது பொய்யில்லை. அவன் மச்சானோடு கடலுக்குப் போகிறேன் என்று கிளம்பாமல் இருந்தாலே போதும். இலங்கை நேவிக்காரன் படகைப் பிடித்துக்கொண்டு போனான் என்று செய்தி வருகிற அன்றைக்கெல்லாம் நம்ம ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோவில் மைதானத்துக்கு மேற்கே இருந்த உடைமரத்தைக் காணோமே. வெட்டிவிட்டார்களா? நாங்கள் சட்டையைக் கழற்றி மாட்டுகிற கிளை ஒன்று இருந்தது, தாழ்வாக. மூணு தடவை பார்த்துவிட்டேன், போட்டோ எடுத்த கோணமா, நிஜமாகவே இல்லையா என்று தெரியவில்லை. இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது அக்கா. தெருவில் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு டென்னிஸ் பந்தை அடித்து விளையாடுவார்கள், கார் வந்தால் கத்திக்கொண்டே கோல் வலையை ஓரமாகத் தூக்கிவைப்பார்கள். ஆறு மணிக்கு அவர்கள் அம்மாக்கள் கூப்பிட்டதும் போய்விடுவார்கள். அதற்கப்புறம் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிற சத்தம் நம்ம வீட்டுக்குக் கேட்கிறதா? பழைய பாலம் போல தடதடக்கிறதா இல்லையா என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு, டாலர் ரேட் சரியில்லை, கொஞ்சம் பொறுத்து அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை. அதில் முதல் செலவு அம்மாவின் கண். மதுரைக்குக் கூட்டிப்போய் இடது கண்ணை மட்டும் இப்போது பாருங்கள், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று அம்மா சொன்னால் கேட்காதே. அடுத்தது சின்னவளுக்கு ஓடுகிற ஷூ, ராமநாதபுரத்தில் வாங்கு, ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதே, வளர்வாள் என்று பார்த்தால் கால் கொப்பளிக்கும். பெரியவனுக்கு நான் தனியாக முட்டிக்காப்பு அனுப்புகிறேன்.

வீட்டுப் பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் என்ன படிவம் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுது, இங்கிருந்து போட்டு அனுப்ப நாளாகும். தெற்குத்தெரு சித்தப்பா நடுவில் வந்து பேசினால் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லு. மச்சான் வத்தைக்குப் புது இன்ஜின் கேட்டிருந்தார், பொங்கலுக்கு மேல் பார்க்கலாம் என்று பக்குவமாகச் சொல், கோபப்படுவார், நண்டு சீசன் தொடங்கினால் நானே பேசுகிறேன். சங்கத்தில் வைத்த நகைக்கு வட்டி கட்டும் தேதி எது? ரசீதின் ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, போன தடவை முன்பக்கம் மட்டும்தான் வந்தது.

உன் தம்பி